டெக்னிக்ஸ் 1200: ஒன்பது வருட முனகல்

பர்மாவின் மோல்மீனில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "அண்ணே, ரங்கூனில் ஜப்பான் பழைய சாமான் கடையில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே3 இசைத்தட்டு பிளேயர் ஒன்று கிடக்கிறதாம். பதினைந்து லட்சம் கியாட் சொல்கிறார்கள். வாங்கலாமா?" இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். இப்போது என்னிடம் இருக்கும் அதே மாடல் பெட்டி ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மனசு இன்னும் ஆறவில்லை. நியாயமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் எங்காவது கோபம் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் இல்லாத நேரடி மோட்டார், வேகத்துக்குக் குவார்ட்ஸ் படிகக் கட்டுப்பாடு, நிமிடத்துக்கு 33, 45 சுற்று என இரண்டு வேகம், பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடை. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறான், அதற்குள் போகவில்லை. என்னுடையது 2016-இல் நாலு லட்சத்துக்கு வாங்கியது. ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே இருந்து சாமான் இழுக்கக் கயிறு தொங்கும் வீடுதான், ஆனால் இதைக் கயிற்றை நம்பி விட முடியுமா? குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். முனகல்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அங்கிருந்து கப்பலில் வரும் 100 வோல்ட் சாமான் எதை வாங்கினாலும் கூடவே வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரும் வாங்கியாக வேண்டும். கடைக்காரர் 25,000 கியாட்டுக்குப் பெயர் போடாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பார்க்கச் செங்கல், தூக்கினாலும் செங்கல். வீட்டில் செருகியதும் 'ம்ம்ம்ம்' என்று ஆரம்பித்தது.

பாட்டு ஓடும்போது கேட்காது. இரண்டு பாட்டுக்கு நடுவில் கேட்கும். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் கேட்கும். தம்புரா ஒரு சுருதி பிடித்தால் இது பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டாத இன்னொரு சுருதி பிடிக்கும். "உனக்குக் கேட்கிறதா?" என்று மனைவியைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்பாள். பாதி எரிச்சல் முனகலால், மீதி அந்தப் பதிலால்.

மரப்பெட்டிக்குள் வைத்துப் பஞ்சு அடைத்தேன். சூடாகி வாசனை வந்ததும் பஞ்சைப் பிடுங்கிப் போட்டேன். சுவரில் துளை போட்டு அடுத்த அறைக்கு மாற்றினேன், அங்கே மாமியார் தூங்குகிறார், அதனால் அது இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. பாங்காக் போன நண்பரிடம் சொல்லி 90,000-க்கு வட்ட வடிவ டிரான்ஸ்பார்மர் வரவழைத்தேன். அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் ராத்திரி வோல்டேஜ் ஏறினால் அதுவும் வாயைத் திறக்கும். 2021-க்கு அப்புறம் கரண்ட் முறை வைத்து வர ஆரம்பித்தது, இன்வெர்ட்டர் வாங்கினேன். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியது சதுர அலை இன்வெர்ட்டர், கரண்டைச் சீரான அலையாகத் தராமல் வெட்டி வெட்டித் தருவது. டிரான்ஸ்பார்மருக்கு அது ஆகவே ஆகாது என்று செருகிய பிறகுதான் தெரிந்தது. முனகல் போய் உறுமல் வந்தது. அதை விற்றுவிட்டுச் சுத்தமான சைன் அலை இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கியதில், கைநஷ்டத்தோடு சேர்த்துப் பதினாலு லட்சம்.

சரி, பெட்டியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் பெல்ட் பிளேயர் இருக்கிறது, மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பி ஓடும் மோட்டார். கீழ்க்கடை ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் இழுக்க ஆரம்பித்தால் டி.எம்.எஸ். தூக்கக் கலக்கத்தில் பாடுவார், சுசீலா அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். என் பெட்டிக்கு அந்த வியாதியே கிடையாது. வேகத்தை உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், ஏறி இறங்கும் லைன் கரண்ட் எதில் போட்டாலும் சுழலும் தட்டின் ஓரத்துப் புள்ளிகள் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும், வேகம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவை நகர்ந்து நான் பார்த்ததில்லை. ரங்கூனில் இப்படி நம்பிக்கையாக நிற்கும் பொருள் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முள் விஷயம் தனி. நான் போட்டது ஷூர் நிறுவனத்தின் எம்97எக்ஸ்இ, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ். 2018-இல் அந்த நிறுவனம் இசைத்தட்டுக்கான கார்ட்ரிட்ஜும் முள்ளும் செய்வதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பொருந்தும் முள்ளை ஜப்பானில் ஜிகோ என்ற நிறுவனம் செய்கிறது, நல்ல முள்தான். நல்ல முள்ளுக்கு ஆயுள் ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம். நான் வாங்கிய முதல் ஜிகோ முள் ஒன்றேகால் லட்சம் ஆனது. டாலர் வெளிச்சந்தையில் நாலாயிரம் கியாட்டைத் தாண்டிய பிறகு வாங்கிய அடுத்தது ஏறக்குறைய நாலு லட்சம். 2016-இல் முழுப் பெட்டிக்குக் கொடுத்த பணம், இப்போது நகக்கண்ணில் நிற்கும் ஒரு துண்டு வைரத்துக்குப் போகிறது.

இதில் வேடிக்கை, நான் பிளேயர் வாங்கியதே தாத்தாவின் தட்டுகளுக்காக. அறுபதுகளில் பர்மாவில் இருந்த நம் சனங்கள் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குக் கிளம்பினார்கள், நகைநட்டைக்கூடக் கொண்டுபோக விடவில்லை. தட்டை யார் தூக்கிப்போவது? "திரும்பி வந்து வாங்கிக்கிறோம்" என்று சொல்லித் தாத்தாவிடம் விட்டுப்போனார்கள். மூன்று டிரங்குப் பெட்டி. ஒருவரும் வரவில்லை. அதில் முக்கால்வாசி நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் பழைய தட்டுகள். எம்கே3-இல் 78 வேகம் கிடையாது. கடைக்காரரிடம் நாலு லட்சத்தை எண்ணிக் கொடுக்கும்போது இது எனக்கு உறைக்கவில்லை. போதாததற்கு, முதல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த ஒரு தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். துணியில் கறுப்பாக வந்ததை அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். யார் வீட்டுத் தட்டோ அது.

இப்போது ரிப்பேர். அக்கா மகன் வீட்டுக்கு வந்தவன், உதவி செய்வதாக நினைத்து பிளேயரின் பிளக்கை நேரே சுவரில் செருகிவிட்டான். நம் ஊர் சாக்கெட் எந்தப் பின்னையும் வாங்கிக்கொள்ளுமே. 100 வோல்ட் பெட்டிக்குள் 230. "மாமா, புகை வருது மாமா." சுழலும் தட்டைத் தூக்கிப் பார்த்தால் உள் டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடந்தது. மோட்டார் கம்பி சுற்றும் ஒரு கிழவர் இருக்கிறார், எல்லோரும் அவரை ஸயா, அதாவது வாத்தியார், என்பார்கள். கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதை எதற்கு 100-இல் வைத்திருக்கிறாய்? 230-க்கே சுற்றித் தருகிறேன்" என்றார். நாலு நாள். 65,000 கியாட். அவ்வளவுதான்.

ஸ்டெப்-டவுன் வேண்டாம். முனகல் இல்லை. ஒன்பது வருடமும் தீர்வு பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருந்திருக்கிறது. கோபம் யார் மேல் என்று தெரியாததால் அக்கா மகனைத் திட்டினேன், அவனுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி எங்கள் பகுதிக்குக் கரண்ட் இல்லை. கடைகள் மூடி, ஜெனரேட்டர்கள் அடங்கியிருந்தன. பேட்டரியில் பிளேயரைப் போட்டு, காருகுறிச்சியாரின் நாதஸ்வரத் தட்டை வைத்தேன், எத்தனையோ தடவை கேட்டதுதான். முள் இறங்கியது. நாதஸ்வரம் ஆரம்பிக்கும் முன்பே, எங்கோ நாலு தெரு தள்ளி யாரோ வாசிப்பது போல, அதே முதல் ஸ்வரம் மெல்லக் கேட்டது. அப்புறம் அதே ஸ்வரம் முழு உருவத்தோடு வந்து விழுந்தது. முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் கேட்டது. தட்டில் ஒரு கோடு பக்கத்துக் கோட்டின் சுவரைக் கொஞ்சம் நெளித்துவிடும். அதனால் வரப்போகிற சத்தம் ஒரு சுற்று முன்னதாக, அதாவது 1.8 விநாடி முன்னால், நிழலாகக் கேட்கும். தட்டு அச்சில் இது குறை என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்த நிழலுக்காகவே பதினோரு தடவை வைக்கத் தோன்றியது. வீட்டில் எழுந்து வந்து, "தட்டு தேய்ந்துவிடாதா?" என்று கேட்டாள். தேயும்தான். முள்ளும் தேயும்.

தம்பிக்குப் பதில்: வாங்காதே. பெட்டி, முள், இன்வெர்ட்டர் எல்லாம் கூட்டிப் பார்த்தேன், இருபது லட்சத்துக்கு மேல் வருகிறது. தட்டுகளுக்குக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை, அது மனைவிக்குத் தெரியாத கணக்கு. பிளேயர் குற்றமற்றது, ஒன்பது வருடமாக என்னை ஏமாற்றியதில்லை, இருந்தாலும் வாங்காதே. போனிலேயே பாட்டு கேள், செலவு மிச்சம்.

இதைச் சொன்னேன். "சரிண்ணே, முன்பணம் கொடுத்துவிட்டேன்" என்கிறான்.

அப்படியென்றால் ஸயாவிடம் முதலில் கொண்டுபோ. மாட்டேன், ஜப்பான்காரன் செய்தபடியே இருக்கட்டும் என்றால், கட்டிலுக்கடியில் இரண்டு டிரான்ஸ்பார்மர் சும்மா கிடக்கின்றன. மோல்மீன் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். வண்டிச் சத்தம் மட்டும் நீ கொடுத்துவிடு.