நாய்க்கு வயிற்றோட்டம்: கோழிச் சோறா, தயிர்ச் சோறா, டின் சாப்பாடா?

நாய்க்கு வயிறு குழம்பிவிட்டால் கொழும்பு வீடுகளில் மூன்று யோசனை கிளம்பும். அம்மம்மா தயிர்ச் சட்டியைத் திறப்பார். பக்கத்து வீட்டு அன்ரி கோழி அவித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கச் சொல்லுவார். பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்து, வயிற்றுக்கென்றே வரும் டின்னை வாங்குவோம் என்பார்கள். என் ஓட்டு கோழிச் சோற்றுக்கு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவிக்கிற மாதிரி அவித்தால் அதற்கும் தயிருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. காரணம் கொழுப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாத நாய்கள். ஊசி முழுதாகப் போடாத குட்டி என்றால் பார்வோ வைரஸ் சந்தேகம் முதலில் வரவேண்டும். அங்கே சோறு, தயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும், ஜாம் போல இரத்தமாகப் போனாலும், ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் சத்தி எடுத்தாலும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும் மிருக வைத்தியரிடம் போங்கள். மழைக்காலத்தில் முரசும் கண் வெள்ளையும் மஞ்சளாக, சலம் தேநீர் நிறத்தில் போனால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், வெறுங்கையால் துடைக்காதீர்கள். முன்கால்களை மடித்து நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிற நாய்க்குக் கடுமையான வயிற்றுவலி. அதுவும் வீட்டு வைத்தியத்துக்கானதல்ல. கீழே வருவதெல்லாம் வளர்ந்த, ஊசி போட்ட, வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிற, மலம் மட்டும் இளகிப்போன நாய்க்கு.

இனி கொழுப்பு. மற்றச் சத்துகளைவிடக் கொழுப்பு இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். குமட்டல் இருக்கிற நாய்க்கு அது மறுபடி சத்தியாக வரும். அடுத்தது, வயிற்றோட்டத்தின்போது சிறுகுடலின் சுவர் புண்பட்டிருப்பதால் கொழுப்பைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாமல் பெருங்குடலுக்குப் போகிற கொழுப்பை அங்குள்ள பக்டீரியாக்கள் மாற்றிவிடும். மாறிய பொருள் குடலை இன்னும் நீர் சுரக்க வைக்கும். சாப்பாடு கொடுத்த பிறகு போக்கு கூடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இதெல்லாம் போக, கொழுப்பு கணைய அழற்சியையும் (கணையம் வீங்கி வலிப்பது) கிளப்பிவிடலாம். பொமரேனியன் மாதிரிக் குண்டான சின்ன நாய்கள், வயதான நாய்கள் விஷயத்தில் கொழுப்பைப் பற்றி இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

ஒரு 10 கிலோ நாயை எடுத்துக்கொள்வோம். ஓய்வாக இருக்கிற நாளில் அதற்குச் சுமார் 400 கலோரி போதும். வெந்த வெள்ளைச் சோறு 200 கிராம், தோலில்லாத நெஞ்சு இறைச்சி அவித்தது 90 கிராம்: கணக்குச் சரி. இதில் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய 4 கிராம். நெஞ்சுக்குப் பதிலாகத் தோலோடு தொடை போட்டு, அவித்த தண்ணீரையும் சோற்றில் ஊற்றினால் அதே அளவு இறைச்சியில் 14 கிராம் வந்துவிடும். 200 கிராம் சோற்றுக்கு 200 கிராம் எருமைத் தயிர் விட்டாலும் அதே 14 கிராம், சில வேளை கூட. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது கோழி என்ற பெயர் நாயைக் காப்பாற்றாது. தோல்தான் தீர்மானிக்கிறது.

அவிக்கிற விதம். இறைச்சிக் கடையில் நெஞ்சுத் துண்டு என்று கேட்டு வாங்கி, தோலை உரித்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். எலும்பை நீக்கி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு 15 முதல் 20 நிமிடம் அவியுங்கள். உப்பு, வெங்காயம், உள்ளி, சூப் கட்டி எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். இரசச் சோறு கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சூப் கட்டியில் இரண்டும் தூளாக இருக்கும், உப்பும் தாராளம்.

இறைச்சியை எடுத்துவிட்டு அவித்த தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு மணித்தியாலத்தில் மேலே வெளிர் மஞ்சளாக ஒரு ஏடு படியும். கரண்டி நுனியால் ஓரத்தில் நெம்பினால் அது வழித்துக்கொண்டு வரும்; கீழே ஜெலி போலத் தெளிந்த சாறு நிற்கும். ஏட்டை எறியுங்கள். சாற்றை எறியாதீர்கள். தண்ணீர் குடிக்க மறுக்கிற நாய்க்கு அதைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைத்தால் கோப்பையை நக்கித் துடைத்துவிடும். ஏடு படியும்வரை பொறுமை இல்லாமல், சோற்றில் நேரே ஊற்ற அவசரப்படுகிற இடத்தில்தான் முழு வேலையும் கெடுகிறது.

சோறு வெள்ளை அரிசியில். சம்பாவோ பச்சையரிசியோ, ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து மசியுங்கள். சிவப்பரிசி மனிதருக்கு நல்லது. ஆனால் அதன் தவிடு இந்த நேரத்தில் குடலுக்குச் சுமை. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் கூடாது. இரவு முழுக்கச் சட்டியிலேயே கிடந்த சோறும் வேண்டாம்: நம்முடைய புழுக்கத்தில் வெந்த சோற்றில் பக்டீரியா பெருகி நச்சு சுரக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சுப் போகாது.

400 கலோரியை நான்காகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு 50 கிராம் சோறு, 20 கிராமுக்குச் சற்றுக் கூடவாக இறைச்சி. தராசு இல்லையென்றால் நான்கு மேசைக்கரண்டி சோறு, நூல் நூலாகப் பிய்த்த கோழி இரண்டு மேசைக்கரண்டி. எடை பாதியானால் சாப்பாடு பாதியாகாது: 5 கிலோ நாய்க்கு இதில் 60 வீதம் வேண்டும், 20 கிலோ நாய்க்கு 1.7 மடங்கு, 30 கிலோ லாப்ரடோருக்கு 2.3 மடங்கு. லாப்ரடோர் பசிக்கிறது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

பட்டினி போடுவதா? சத்தியும் சேர்ந்திருந்தால் வளர்ந்த நாயை 12 மணித்தியாலம் வெறும் வயிற்றில் விட்டு, பிறகு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கலாம். வயிற்றோட்டம் மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை. குடல் சுவர் தன்னைச் சரிசெய்யச் சாப்பாடு வேண்டும். குட்டிகளையும் மிகச் சிறிய இனங்களையும் ஒருபோதும் பட்டினி போடக்கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.

தயிருக்கு வருவோம். வயிற்றுக்குக் குளிர்ச்சி, நல்ல பக்டீரியா என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மனிதக் குடலுக்கு ஒத்த பக்டீரியா நாய்க் குடலில் அதே வேலையைச் செய்யும் என்று சொல்வதற்கில்லை. பால்சீனியும் ஒரு சிக்கல்: வளர்ந்த நாய்களில் பலவற்றுக்கு அதைச் சமிபாடடையச் செய்யும் நொதி குறைவு, வயிற்றோட்ட நேரத்தில் இன்னும் குறைந்துவிடும். சட்டித் தயிரின் மேல் தடிப்பாக ஆடை நிற்குமே, கொழுப்பு அதிகம் திரளும் இடம் அதுதான். நாய் முதலில் நக்குவதும் அதைத்தான். எந்தத் தயிரைக் கொடுத்தாலும் தாங்குகிற நாய்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. பழக்கப்பட்ட நாய் என்றால் மலம் இறுகிய பிறகு ஆடை நீக்கி ஒரு தேக்கரண்டி கொடுங்கள். முதல் இரண்டு நாளும் வேண்டாம். கப் யோகட்டில் சீனி இருக்கும்; சீனி சேர்க்காதது என்று எழுதியதில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு நஞ்சு.

டின்னில் ஒரு பெரிய வசதி உண்டு: கல்சியம், உயிர்ச்சத்து எல்லாம் அளவோடு இருக்கும். கோழிச் சோற்றில் அது கிடையாது; ஒரு வாரத்துக்கு மேல் அதையே போட்டால் குறைபாடு தொடங்கலாம், வளரும் குட்டிக்கு இன்னும் சீக்கிரம். ஆனால் லேபலைப் படிக்கத் தெரிய வேண்டும். ஈரம் 78 வீதம், கொழுப்பு 5 வீதம் என்று போட்ட டின்னைப் பார்த்து ‘ஐந்துதானே’ என்று எடுத்துவிடுவார்கள். ஈரத்தைக் கழித்தால் மிச்சம் 22. அதில் 5 என்றால் கிட்டத்தட்ட 23 வீதம். ஈரம் 10, கொழுப்பு 12 என்று போட்ட உலர் தீனி இதே கணக்கில் 13தான். மேலே சொன்ன நெஞ்சுக் கோழிச் சோறு 4 வீதம். தோல் தொடைச் சோறு 14: தினசரி உலர் தீனியின் அளவுக்கே வந்துவிடுகிறது, பிறகு அவிப்பதில் என்ன இலாபம்? சுப்பர்மார்க்கெட் தட்டில் உள்ள சாதாரண டின் வேறு, கிளினிக்கில் தரும் கொழுப்புக் குறைத்த டின் வேறு. கணையப் பிரச்சினை வந்துபோன நாய்க்கும், அடிக்கடி வயிறு குழம்புகிற நாய்க்கும் அந்த இரண்டாவது வகை கோழிச் சோற்றைவிட நல்ல தெரிவு. ஆனால் நாய் அதைத் தொடுமா என்பதை வாங்கும்போது சொல்ல முடியாது. ஒரு நாய் நக்கித் துடைக்கும், அடுத்தது முகர்ந்துவிட்டுப் போய்ப் படுக்கும். ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

பூசணிக்காய் தனித் தெரிவல்ல, துணை. அதுவும் எல்லா வயிற்றோட்டத்துக்கும் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை முக்கி, சளி படர்ந்து, கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு இரத்தமும் வந்தால் பிரச்சினை பெருங்குடலில். அங்கே அவித்து மசித்த பூசணி, சின்ன நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரியதுக்கு இரண்டு மேசைக்கரண்டி, வேளைக்கு ஒருமுறை சேர்த்தால் நன்றாகப் பிடித்துக் கட்டும். சில தடவைதான் போகிறது, ஆனால் ஒவ்வொன்றும் வாளித் தண்ணீர் போல என்றால் சிறுகுடல். பூசணியால் பெரிய பயன் இல்லை, அங்கே கவலைப்பட வேண்டியது நீரிழப்பு.

நீருக்கு, பார்மசியில் வாங்கும் ஜீவனியைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. செவ்விளநீர் இதற்கு ஈடல்ல: அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம், வயிற்றோட்டத்தில் இழப்பது சோடியத்தையும்தான். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்குச் செவ்விளநீர் வேண்டவே வேண்டாம். சாதாரணத் தண்ணீர்க் கோப்பையும் பக்கத்தில் இருக்கட்டும். சிரிஞ்சால் தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். முரசை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். முரசு ஈரமாக வழுக்க வேண்டும். விரல் ஒட்டிக்கொண்டால் வீட்டு வேலை முடிந்தது, சேலைன் தேவை.

மருந்துப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இபுபுரோபன் குடலில் புண் போடும். லொப்பரமைட் போக்கை நிறுத்தும், கிருமியையும் நச்சையும் உள்ளேயே நிறுத்தும். கொலி வகை நாய்களுக்கு மூளையைத் தாக்கும். மிச்சம் கிடக்கிற மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக்கில் பாதிக் குளிசையை வெண்ணெய்க்குள் வைத்துக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. சாதாரண வயிற்றோட்டம் அது இல்லாமலே அடங்கும், குடலின் நல்ல பக்டீரியாவை அது மாதக்கணக்கில்கூடக் குழப்பும். வெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மலம் இறுகி ஒரு நாள், இரண்டு நாள் போன பிறகு பழைய தீனிக்குத் திரும்புங்கள்: கால்வாசி தீனி முக்கால்வாசி கோழிச் சோறு இரண்டு நாள், பாதிக்குப் பாதி இரண்டு நாள், பிறகு முக்கால்வாசி தீனி இரண்டு நாள். மறுபடி இளகுகிற நாய்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் அவசரப்படுத்தப்பட்டவைதான் என்பது என் கணிப்பு. இளகினால் முதல் படிக்கு அல்ல, ஒரு படிக்கு மட்டும் பின்வாங்குங்கள். இடையில் ஒரு நாள், ஒன்றரை நாள் மலமே போகாவிட்டால் பயப்பட வேண்டாம். குடல் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

48 மணித்தியாலத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால், அல்லது நன்றாகி நன்றாகி மறுபடி மறுபடி வந்தால், கொக்கிப்புழுவோ, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ இருக்கலாம்; எந்தச் சோறும் அதைத் தீர்க்காது. அன்று காலை போன மலத்தில் ஒரு தேக்கரண்டி அளவை, மண் ஒட்டாத பகுதியாகப் பார்த்து, சுத்தமான மூடி போத்தலில் எடுத்துச் சில மணித்தியாலத்துக்குள் கிளினிக்கில் கொடுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை போனது, எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.