ட்ரையல்ஸ் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?

மலைச் சைக்கிளில் பிரேக்கின் வேலை வேகத்தைக் குறைப்பது. ட்ரையல்ஸில் குறைப்பதற்கு வேகமே கிடையாது. பாறை விளிம்பில் பின் சக்கரத்தை மட்டும் ஊன்றிக் குதித்துக்கொண்டே அடுத்த பாறைக்குத் தாவும் விளையாட்டு இது. அந்த நேரத்தில் சக்கரம் இம்மியும் உருளக் கூடாது. ஆகவே 'எதுக்கு பவர் அதிகம்' என்று கேட்டு பிரேக் வாங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். லீவரை இறுக்கிப் பிடித்த பிறகும் எது எவ்வளவு அசைகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

இதில் கணக்கு டிஸ்க்குக்கு எதிராக இருக்கிறது. 26 அங்குலச் சக்கரத்தில் டயரின் வெளிவிளிம்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 340 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. சக்கர வளையத்தையே (ரிம்) பிடிக்கும் ரிம் பிரேக்குக்கு அந்தத் தூரம் சுமார் 275 மி.மீ. டிஸ்க் பிரேக்கிலோ, சக்கர மையத்தில் மாட்டிய ரோட்டர் என்ற வட்டத்தகட்டைத்தான் பேடு (உராய்வுக் கட்டை) பிடிக்கிறது; 160 மி.மீ. ரோட்டரில் அந்த இடம் 72 மி.மீ. பக்கம்தான். டயரில் விழும் விசையைத் தடுக்க ரிம் பிரேக் அதைப்போல ஒன்றேகால் மடங்கு பிடித்தால் போதும். டிஸ்க் நாலரை மடங்குக்கு மேல் பிடிக்க வேண்டும். அசைவும் அதே விகிதத்தில்தான் பெருகும். பேடுகளைத் தாங்கும் காலிப்பருக்குள் பேடு அரை மி.மீ. முன்பின் ஆடினால், டயரில் அது 2 மி.மீ.யைத் தாண்டும். குதித்து இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு சைக்கிள் கொஞ்சம் பின்வாங்குமே, அது இதுதான். போதாக்குறைக்கு டிஸ்க்கில் முழு விசையும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வழியாக ஸ்போக்குகளில் ஏறுகிறது. ஸ்போக் தளர்வாக இருந்தால் சக்கரமே முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி துள்ளும்.

பின்சக்கரத்துக்கு மகுரா எச்எஸ்33 போன்ற, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ரிம் பிரேக்கைப் பலர் இன்னும் விடாததற்குக் காரணம் இதுவே. ஃபிரேமிலேயே நாலு போல்ட்டில் உட்கார்ந்துகொள்ளும், ஆட்டம் மிகக் குறைவு. ஆனால் சொகுசாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ரிம்மின் பக்கச்சுவரை ஆங்கிள் கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். அது மழுங்க மழுங்க மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் ரிம் மெலியும், பேடும் சீக்கிரம் கரையும். பாறையில் அடிபட்டு ரிம் நெளிந்தால் பேடு உரசத் தொடங்கிவிடும். தண்ணீரும் சேறும் பட்டால் பிடி இறங்கும். அலறல் சத்தம் தனி.

டிஸ்க்குக்கு இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. ரிம் நெளிந்தாலும் ரோட்டருக்குத் தெரியாது. ஈரத்திலும் பிடி அவ்வளவாக இறங்காது. முன்சக்கரத்தில் பின்சக்கர அளவுக்கு முறுக்கு விழுவதில்லை; மெல்ல மெல்ல விட்டுப் பிடிக்கும் நுணுக்கம்தான் அதிகம் தேவை. என் தீர்ப்பு: முன்னால் டிஸ்க் என்பதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். பின்னால், போட்டிக்கு ஓட்டும் 20, 26 அங்குல சைக்கிளில் ரிம் பிரேக். சுவர், படிக்கட்டு என்று தெருவில் ஓட்டும் 24 அங்குலத்தில் இரண்டு பக்கமும் டிஸ்க். ஃபிரேமில் எந்த பிரேக்கை மாட்ட மவுன்ட் (பிடிமானம்) இருக்கிறது என்பது இந்தத் தீர்ப்பைவிட முக்கியம். மவுன்ட் இல்லாத ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) வெல்டிங் வைத்து டிஸ்க் ஏற்றுவது பல்லைப் பணயம் வைக்கும் பந்தயம்.

கேபிள் டிஸ்க்கா, ஹைட்ராலிக் டிஸ்க்கா? ஏவிட் பிபி7 போன்ற கேபிள் வகையில் இரண்டு பேடையும் கையால் திருகி ரோட்டருக்கு அருகில் கொண்டுவரலாம், எங்கேயும் பழுது பார்க்கலாம். ஆனால் கேபிளின் வெளி உறை அமுங்குவதிலேயே விசை கரையும். அமுங்காத உறை போடாமல் அந்த பிரேக்கைத் திட்டுவது நியாயமில்லை. இருந்தாலும், நாள் முழுக்க ஒரே விரலால் பிடித்துத் தொங்கும் ஆட்டத்தில் ஹைட்ராலிக்தான் விரலைக் காப்பாற்றும். ஹோப் நிறுவனம் ட்ரையல் ஸோன் என்று இதற்கென்றே ஒன்றைச் செய்தது. ஒரே எச்சரிக்கை: ஹோப்புக்கு டாட் 5.1 வகை பிரேக் திரவம், ஷிமானோவுக்கும் மகுராவுக்கும் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல்கள் கெடும்.

ரோட்டர் 160 போதுமா, 180 வேண்டுமா? பெரிதாக்கினால் பிடி கூடும். ஆனால் 20 அங்குலச் சக்கரத்தில் பெரிய ரோட்டர் பாறைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும், ஒரு இடி வாங்கினால் வளைந்துவிடும். அதில் 160, மற்றதில் 180. மாட்டும் முறையில் ஆறு போல்ட் வகைதான் என் தேர்வு. ஹப்பின் பற்களில் ரோட்டரைச் செருகி ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக்கில் பல்லிடுக்கில் சிறு ஆட்டம் வர வாய்ப்புண்டு, இந்த விளையாட்டில் அது உடனே தெரியும்.

பேடில், பிசினால் பிணைத்த ரெசின் வகையை எடுங்கள். உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேடு சூடேறினால்தான் முழுப் பிடி தரும். ட்ரையல்ஸில் பிரேக் சூடேறவே போவதில்லை.

மாட்டும்போது அவசரம் கூடாது. மவுன்ட்டின் முகத்தில் பெயின்ட் திட்டு இருந்தால் காலிப்பர் சாய்ந்து உட்காரும், அதை முதலில் சுரண்டுங்கள். ரோட்டர் போல்ட்டுகளை ஆறுமுனை டி25 சாவியால் நட்சத்திரம் போடுவது போல எதிரெதிராக இறுக்குங்கள். காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும்; உரசல் மிச்சமிருந்தால் இடுக்கு வழியே வெளிச்சம் பார்த்துக் கையால் நகர்த்துங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் (திரவக் குழாய்) இழுபடுகிறதா என்று பாருங்கள். முன் அச்சை போல்ட்டால் இறுக்குவதே நல்லது. டிஸ்க்கின் விசை சக்கரத்தை ஃபோர்க்கின் துளையிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். ரோட்டரில் விரல் படவே வேண்டாம், பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

கடைசியாக, புது பேடைப் பழக்குவது. வேகம் பிடித்து, முழுசாக நிற்காமல் குறைத்து, மறுபடி வேகம் பிடித்து என்று இருபது முப்பது முறை செய்ய வேண்டும். ட்ரையல்ஸ் சைக்கிளின் கியரில் எவ்வளவு மிதித்தாலும் அந்த வேகம் வராது. அதனால் ஒரு சரிவைத் தேடிப்போய், உருட்டிவிட்டுப் பிடியுங்கள். முதல் பத்து முறை எதுவுமே பிடிக்காத மாதிரி இருக்கும். அதற்குள் பாறைமேல் ஏறிப் பார்க்க வேண்டாம்.