ஹெல்த் ரெக்கார்டு லிங்க் பண்ண எது சரி: நேர் பொருத்தமா, நிகழ்தகவா?

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ரெக்கார்டையும் இறப்பு பதிவையும் இணைக்கிற வேலை எங்க டீமுக்கு வந்தப்போ ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, ஐடி இல்லன்னா பேரு, பிறந்த தேதி எல்லாம் அச்சு அசலா ஒத்துப்போனா மட்டும் ஒரே ஆளுன்னு எடுத்துக்கிறது. இது நேர் பொருத்தம். இன்னொண்ணு நிகழ்தகவு முறை, அதாவது ரெண்டு ரெக்கார்டும் ஒரே ஆளோடதா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு கணக்கு போடுறது. நாங்க எடுத்தது ரெண்டாவது.

நேர் பொருத்தம் வேகமா ஓடும், யாருக்கும் விளக்குறது ஈஸி. ஸ்வீடன்ல 1947லேருந்து, டென்மார்க்ல 1968லேருந்து ஆளுக்கொரு நம்பர் இருக்கு, அங்கல்லாம் இதுவே தாராளம்.

அப்படி நம்பர் இல்லாத டேட்டாவுக்கு 1969ல ஃபெல்லெகி, சன்டர்னு ரெண்டு புள்ளியியல் நிபுணர்கள் கணக்கா எழுதி வச்ச நிகழ்தகவு முறைதான் இன்னிக்கும் அடிப்படை. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு மார்க். பாலினம் ஒத்துப்போனா சொற்ப மார்க்தான், சம்பந்தமில்லாத ரெண்டு பேருக்கே கிட்டத்தட்ட பாதி தடவ ஒத்துப்போயிடும், பிறந்த மாசம்னா ஏறக்குறைய 12ல ஒரு தடவ, அபூர்வமான பேருன்னா மார்க் எகிறிடும். எல்லாத்தையும் கூட்டி ரெண்டு கட்ஆஃப் வைக்கணும்: மேல் கட்ஆஃப தாண்டினா ஒரே ஆளு, கீழ் கட்ஆஃபுக்கும் கம்மின்னா வேற வேற ஆளு, நடுவுல விழுந்தா சந்தேகம்.

எங்கள முடிவெடுக்க வச்சது, நேர் பொருத்தத்துல விட்டுப்போற ஜோடிங்கதான், அதாவது ஒரே ஆளோடதா இருந்தும் லிங்க் ஆகாத ரெண்டு ரெக்கார்டுங்க. ஒருத்தரோட இறப்பு பதிவு லிங்க் ஆகலன்னா நம்ம டேபிள்ல அவர் உயிரோட இருக்கார்! வேற ஆஸ்பத்திரில திரும்ப அட்மிட் ஆனது லிங்க் ஆகலன்னா அவர் குணமாயிட்டார்னு கணக்கு ஆயிடும். இது எல்லாருக்கும் சமமா நடந்தாக்கூட பரவால்ல, ஆனா கல்யாணத்துக்கப்புறம் பேரு மாத்தின பெண்கள், அடிக்கடி வீடு மாறுறவங்க, பிறந்த தேதி தெரியாம ஜனவரி 1ன்னு போட்டவங்க, இவங்கதான் அதிகம் விட்டுப்போறாங்க. அப்போ யாருக்கு கவனிப்பு தேவையோ அவங்க இருக்கிற ஏரியாவே நல்லா இருக்கிற மாதிரி ரிப்போர்ட் வரும், அத வச்சு ஃபண்ட் ஒதுக்குனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

நிகழ்தகவு முறைலயும் தொல்லை இருக்கு. இரட்டைக் குழந்தைங்க ஒரே ஆளா சேர்ந்துடுவாங்க, நடுவுல விழுற ஜோடிகள மனுஷங்க உக்காந்து கண்ணால பாக்கணும், அதுக்கு ஆளும் நேரமும் நிறைய போகும். பேர குறியாக்கி மறைச்சுட்டு பொருத்துற வழிய சின்ன டேட்டால மட்டும்தான் ஓட்டிப் பாத்தோம், அதனால பெரிய அளவுக்கு அத நம்பி சொல்ல மாட்டேன்.

எந்த முறை எடுத்தாலும் லிங்க் ஆனவங்க, ஆகாதவங்க ரெண்டு பக்கத்தையும் வயசு, பாலினம், ஏரியா வாரியா பிரிச்சு ஒரு டேபிள் ரிப்போர்ட்லயே போட்டுடுங்க.