"இதுக்கு ஏண்டி இத்தனை கடுதாசி?": பேட்டர்ன் வைத்துத் தைத்த ஐந்து வருடம்

இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் மூடுபனி. ஹட்டனில் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு மேல் மழை. தடித்த சுவெட்டர் போட்டால் மத்தியானம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எனக்குத் தேவை ஒரு பருத்தி டொப், அதற்கு மேல் பட்டன் வைத்த மெல்லிய கோட். நடைபாதைக் கடைகளில் எக்ஸ்போர்ட் மிச்ச உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் தோள் எனக்கு இரண்டு விரல் இறங்கி நிற்கும், கை நகத்தை மூடும்.

2020 ஊரடங்கில் அம்மாவின் சிங்கர் மிதி மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கொழும்பில் இருக்கும் சித்தி மகள் யாரிடமோ வாங்கி அனுப்பிய பழைய சிம்ப்ளிசிட்டி கம்பெனிப் பேட்டர்ன் உறை ஒன்றில் ஆரம்பித்தேன். வெட்ட வேண்டிய துண்டுகளை அளவோடு வரைந்த டிசு பேப்பர் அதற்குள் இருக்கும். இன்றுவரை பதினேழு டொப், ஆறு கோட். எல்லாம் நாலே நாலு பேட்டர்னிலிருந்து வந்தவை.

அம்மாவுக்கு இது இன்னும் சிரிப்பு. "அளவுச் சட்டை ஒண்ண வச்சு வெட்டுனா அஞ்சு நிமிசம். இதுக்கு ஏண்டி இத்தனை கடுதாசி?" சேலை ஜாக்கெட்டுக்கு அம்மா சொல்வதுதான் சரி. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியதற்கு, ஏற்கெனவே ஒட்டி நிற்கும் ஒன்றைவிட நல்ல பேட்டர்ன் கிடையாது. நானும் ஜாக்கெட்டை அப்படித்தான் வெட்டுகிறேன். ஆனால் கொலர், கைப்பட்டி, முன்பட்டி என்று வரும் கோட்டுக்கு அளவுச் சட்டையாக என்னிடம் என்ன இருந்தது?

முதல் டொப் மாவு மூட்டை மாதிரி வந்தது. உறையின் பின்னால் 36 அங்குல மார்புக்கு அளவு இலக்கம் 14 என்று போட்டிருந்தது, என் மார்பு 36½. அப்படியே 14ஐ வெட்டினேன். கழுத்து அகலம், தோள் சரிவு, இடுப்பில் இன்னொருத்தி புகுந்துகொள்ளலாம். அப்புறம்தான் டிசு பேப்பரின் மார்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த இன்னொரு கணக்கைப் பார்த்தேன். தைத்து முடித்த பிறகு உடுப்பு எவ்வளவு இருக்கும் என்பது அது. அதில் என் உடம்பளவைக் கழித்தால் எத்தனை அங்குலம் லூஸ் என்று தெரிந்துவிடும். இப்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது பாடம் மேல்மார்பு. மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி டேப்பைச் சுற்றினால் எனக்கு 34. இந்த உறைகளில் பெரும்பாலானவை மார்புக்கும் மேல்மார்புக்கும் சுமார் இரண்டு அங்குல வித்தியாசம் என்று வைத்து வரைந்தவை. அதைத் தாண்டினால் மேல்மார்பு அளவையே மார்பளவாக எடுத்துக்கொண்டு இலக்கத்தைப் பிடிக்க வேண்டும், மார்பில் மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு 34க்கு 12. அன்றோடு தோள் பிரச்சினை தீர்ந்தது.

போனில் இறக்கி அச்சடிக்கும் பேட்டர்ன்களும் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை போட்டோக்கொப்பி கடைத் தம்பி, ஓரம் வெட்டுப்படக் கூடாது என்று நல்ல மனதோடு தாளுக்குப் பொருத்தி அடித்துக் கொடுத்துவிட்டார். 24 தாளையும் தரையில் பரப்பி ஒட்டி, நல்ல லினனை வெட்டித் தைத்த பிறகு அக்குள் பிடித்தது. அச்சு சரியான அளவில் வந்ததா என்று பார்க்க முதல் தாளில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று இருக்கும். அளந்தேன், 9.6. அதாவது நூறு சென்டிமீட்டர் வர வேண்டிய சுற்றளவு 96. அந்த டொப் இப்போது தங்கச்சியிடம். இப்போதெல்லாம் முதல் தாளை மட்டும் அடிக்கச் சொல்லி, கடையிலேயே அடிமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதித் தாளுக்குக் காசு கொடுக்கிறேன்.

அம்மாவின் பழக்கத்தில் ஒன்றை நான் விடவில்லை. சிம்ப்ளிசிட்டி தையலுக்கு விடும் துணி ⅝ அங்குலம். நம் ஊரில் யார் அப்படித் தைப்பார்கள்? பக்கத் தையலில் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் விட்டால்தானே பிறகு பிரித்துவிட முடியும். நான் பக்கத்தில் மட்டும் கூட்டுகிறேன், கழுத்திலும் கைக்குழியிலும் சொன்னபடியே விடுகிறேன். போன வருடம் உடம்பு கொஞ்சம் ஏறியபோது நாலு டொப் பிழைத்தது இதனால்தான்.

வெட்டியவுடன் கழுத்தோரத்தில் ஒரு ஓட்டுத் தையல் போடச் சொல்வார்கள். முதலில் அதை வெட்டி வேலை என்று நினைத்தேன். வெட்டிய விஸ்கோஸ் துணியைக் கதிரை முதுகில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முன்கழுத்து தன் பாரத்திலேயே வாய் பிளந்து நின்றது. பட்டியோடு வைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலம் மிச்சம். வளைவில் துணி குறுக்காக வெட்டுப்படுவதால் இழுபடும், அந்த ஒரு தையல்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

மலைநாட்டுக்கென்று உள்ள தொல்லை ஈரம். மழைக்காலத்தில் டிசு பேப்பர் துவண்டுவிடும், மடித்து வைத்தால் மடிப்பில் பூசணம் வரும். அதனால் மூலத்தை வெட்டுவதே இல்லை. பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடும் பிரவுன் பேப்பரில் படி எடுத்து, சுருட்டி, அடுப்படிப் பக்கம் வைத்திருக்கிறேன். ஊசியை மெஷினிலேயே விட்டால் துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். மெஷின் பெல்ட்டும் தொய்ந்துபோகும், கொஞ்சம் வெட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

இந்த மெஷினில் நேர்த் தையல் மட்டும்தான். இழுபடும் டீசேர்ட் துணிக்கு வளைந்து போகும் தையல் வேண்டும், நேர்த் தையல் போட்டால் தலை நுழையும்போதே நூல் அறுகிறது. இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டேன். ஓரம் அடிக்கும் மெஷினும் இல்லாததால், முதலில் வெளிப்புறம் தைத்து, பிசிறைக் கத்தரித்து, திருப்பி உள்ளே ஒரு தடவை தைக்கிறேன். பொப்ளினுக்கு அழகாக வரும். கோட்டுக்கு எடுக்கும் கோர்டுரோய்த் துணியில் கயிறு மாதிரிப் புடைக்கும்.

காசு மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. துணி, நூல், பட்டன், அச்சுக் கூலி எல்லாம் சேர்த்தால் நடைபாதைக் கடைதான் மலிவு. ஒரு கோட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போகிறது, அதில் ஒன்று முழுக்கக் கொலருக்கு. நான் தொடர்ந்து தைப்பதற்குக் காரணம் தோள் நிற்கிற இடம்.

அடுத்த கோட்டுக்கான துணியைச் சுருங்கட்டும் என்று அலசி அடுப்புக்கு மேலே போட்டிருக்கிறேன். மூன்று நாளாகக் காயவில்லை. அம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வெட்டுவியா, அந்தக் கடுதாசி எனக்குப் பத்துமா?" என்கிறார். பத்தாது. அம்மாவின் மேல்மார்பை இன்னும் அளக்கவில்லை.