படுக்க விடுவதா, நடக்க வைப்பதா?

குடல் அடைப்பு, குடலில் ஓட்டை என்று படுவான்கரையிலிருந்து இரவோடிரவாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரும் அப்பப்பா, அம்மம்மாமாருக்கு ஒப்பரேசன் முடிந்ததும் வீட்டாருக்குள் இந்தக் கேள்விதான்.

படுக்க விட்டால் அப்போதைக்கு வலி குறைவு, விழும் பயமும் இல்லை. அவ்வளவுதான். நட்டமோ பெரிது. நலமாக இருந்த முதியவர்களையே 10 நாள் கட்டிலில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்திருந்தது. ஏற்கெனவே தளர்ந்தவர் இதை எப்படித் தாங்குவார்? நிமோனியா, காலில் இரத்தக்கட்டி, படுக்கைப்புண் வேறு.

என் தெரிவு நடைதான். ஆனால் அவசரப்படக் கூடாது. இரத்த அழுத்தம் நிலைப்படாதவர் படுத்தே இருக்கட்டும். டொக்டர் சொன்ன பிறகு, வலிமருந்து வேலை செய்யும் நேரம் பார்த்து, முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இருத்துங்கள். தலைசுற்று இல்லையா? சரி, கதிரை. அப்புறம் மிஸ்ஸி (தாதி) பக்கத்தில் நிற்க நாலு அடி. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் வலி குறையும்.

எவ்வளவு வேகமாக எழுப்பலாம் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. நோய் வருவதற்கு 2 கிழமை முன் தானே குளித்தாரா, கடைக்குப் போனாரா என்று டொக்டரிடம் சொல்லுங்கள். முதியவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று டொக்டர்மார் கணிக்கும் 9 படிகள் கொண்ட தளர்ச்சி அளவுகோல் அதைத்தான் கேட்கிறது.

பத்தியம் என்று மீனையும் முட்டையையும் மறிக்காதீர்கள். சாப்பிட அனுமதித்ததும் கொடுங்கள். புரதம் இல்லாமல் நடந்து தசை ஊறாது.