பாசி எடுப்பதா, பாசி வளர்ப்பதா?

ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்குக் கடல்பாசித் தொழிலில் இரண்டு வழி: ஒன்று, தீவோரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எடுப்பது; மற்றொன்று, மூங்கில் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்ப்பது.

வருமானத்தை மட்டும் பார்த்தால் மிதவைதான் முந்தும். சுமார் 45 நாளில் அறுவடை, கரையை ஒட்டியே வேலை. புயலில் மிதவை சிதறும், சரி, கடல் தொழிலில் அது எப்போதும் உள்ளதுதான். என் பயம் வேறு. கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். அறுந்து மிதக்கும் சிறு துண்டும் தழைக்கும். குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் இது பாய் விரித்தது போலப் படர்ந்திருப்பது 2008-ல் பதிவானது. வெளிச்சம் மறைந்தால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசியால் உணவு தயாரிக்க முடியாது, பவளம் பட்டினியில் செத்துவிடும். அப்புறம் அதை அண்டி வாழும் மீன் எங்கே போகும்?

பாசி எடுப்பதிலும் ஆபத்து உண்டு. இரும்பால் சுரண்டினால் பாசி மறுபடி முளைக்காது. ஆனால் பெண்களே கூடிப் பேசி, மாதம் 12 நாள் மட்டும், அதுவும் கையால்தான் என்று விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் அவர்கள் அஞ்சி அஞ்சித்தான் கடலில் இறங்க வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை.

என் தேர்வு, விதியோடு பாசி எடுப்பதுதான். மிதவையும் வேண்டுமென்றால் பாக் நீரிணைப் பக்கம், பவளத் திட்டுகளை விட்டு விலகி, உள்ளூர்க் கஞ்சிப்பாசியோடு தொடங்கட்டும்.