வலை போட்டுக் கட்டிய மான் ரோஸ்ட்: அவிழ்த்துப் பார்க்காமல் அடுப்பில் வைக்காதீர்கள்

இரண்டு தடவை ஏமாந்தபிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் தடவை ஏமாந்ததே எனக்குத் தெரியாது. பாவம், மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமான என் ஸ்லோ குக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மான் இறைச்சியைச் சட்டப்படி விற்கும் நாட்டில் இருந்து, முறையாக வாங்கிச் சமைப்பவர்களுக்கான பதிவு இது. மற்றவர்கள் கதையாகப் படித்துவிட்டுப் போகலாம்.

நான் வாங்கியது உறைந்த நிலையில் விற்கும் ஒரு ரோஸ்ட், அதாவது முழுசாகவே சமைப்பதற்கான பெரிய கறித் துண்டு. எலும்பு நீக்கிய முன்னங்கால் சப்பை என்று பையில் அச்சிட்டிருந்தது. உருளையாகச் சுருட்டி, இழுத்தால் நீளுமே, அந்த மாதிரி வலைக்குள் திணித்து, காற்றை உறிஞ்சிய பையில் போட்டிருந்தார்கள். எடை 1.8 கிலோ. கீழே இரண்டு வரிகள்: ‘ஸ்லோ குக்கருக்கு ஏற்றது’, ‘வலையோடு சமைக்கவும்’. முதல் வரியைப் பார்த்துத்தான் ஒன்றுக்கு மூன்றாக வாங்கி ஃப்ரீசரில் அடுக்கினேன். இரண்டாவது வரியில்தான் விஷயமே இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

முதல் பையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எடுத்தேன். நண்பர்கள் நான்கு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. ஒரு நாளுக்கு மேல் ஃபிரிட்ஜில் வைத்துப் பனி விடவைத்தேன். உறைந்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. கிருமிகள் வேகமாகப் பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் அது மணிக்கணக்கில் கிடந்துவிடும். பனி விட்டதும் ஈரத்தை ஒற்றியெடுத்து, வாணலியில் நாலு பக்கமும் சிவக்க வாட்டி, வெங்காயம், பூண்டு, இரண்டு கப் சாறு சேர்த்து, ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்தேன். மூடியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. வாசனை என்னவோ பிரமாதம்.

தட்டில் வைத்தபிறகுதான் கூத்து. ஒருவர் தட்டில் இருந்த துண்டு முள்கரண்டி பட்டாலே பிரிந்து வந்தது. பக்கத்தில் இருந்தவர் தட்டில் சக்கை. சாறு நிறைய ஊற்றியும் தொண்டையில் இறங்கவில்லை. எனக்கு வந்த துண்டை மென்றுகொண்டே இருந்தேன், விழுங்கத்தான் முடியவில்லை. ஒரே ரோஸ்ட், ஒரே பாத்திரம், மூன்று விதமான கறி! அப்போதே யோசித்திருக்க வேண்டும். வந்தவர்கள் நாகரிகமானவர்கள், உருளைக்கிழங்கைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். “நேரம் போதவில்லை. பத்து மணி நேரம் வையுங்கள்” என்று பதில் வந்தது. நம்பும்படியாகத்தான் இருந்தது, ஏனென்றால் சப்பைக்கறிக்கு அது பொருந்தும். அடுத்த பையைப் பத்து மணி நேரம் வைத்தேன். மெத்தென்று இருந்த பகுதி கரைந்தே போனது. சக்கையாக இருந்தது இன்னும் மோசமான சக்கையானது. மெல்ல முடியாதது அப்படியேதான் இருந்தது.

வேட்டைக்குப் போய்ப் பழகிய நண்பன் ஒருவனிடம் புலம்பினேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. “வலையை அவுத்துப் பாத்தியாடா?”

“வலையோடதான் சமைக்கணும்னு போட்டிருக்கே.”

“போடத்தான் செய்வான். மூணாவது பையை எடுத்துட்டு வா.”

பனி விட்டதும் கத்தரிக்கோலால் வலையை வெட்டினோம். உருளை அப்படியே ஐந்து துண்டுகளாகச் சரிந்தது. ஒன்றுதான் உண்மையான சப்பை. இரண்டு, கொழுப்பே இல்லாத பின்தொடைக் கறி. நான்காவது, ஓரங்களை வெட்டிச் சேர்த்த கழிவு, பாதிக்குமேல் வெள்ளைச் சவ்வு. ஐந்தாவதில் கறுஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தது. குண்டு பட்ட இடத்தைச் சுற்றி இப்படி ஆகுமாம். அதை வெட்டி எறிந்துவிடுவதுதான் வேட்டைக்காரர் வழக்கம் என்றான். ஈயக் குண்டாக இருந்தால் பொடிப்பொடியாகச் சிதறி அந்தச் சதையில் தங்கிவிடும், அதனாலும் எறியத்தான் வேண்டும். நடுவில் மெழுகு மாதிரி ஒரு கொழுப்புக் கட்டி வேறு. மான் கொழுப்பு சற்று ஆறினாலே உறைந்து அண்ணத்தில் ஒட்டும், அந்தக் காட்டு வாடையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டு நிறுத்துப் பார்த்தால் 1.1 கிலோதான் தேறியது. பையில் தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீரும் அந்த 1.8 கிலோவில் சேர்த்திதான்.

அந்த மூன்று விதக் கறிக்கு இப்போது காரணம் புரிந்தது. சப்பை, கழுத்து, கணுக்கால் எல்லாம் விலங்கு ஓயாமல் வேலை வாங்கும் தசைகள். அவற்றில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் அதிகம். எழுபது டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் இருந்தால் அது ஜெலட்டினாக இளகி, கறியை மெத்தென்று ஆக்கும். பின்தொடையில் அது குறைவு, கொழுப்பும் இல்லை. சூடு ஏற ஏறத் தசை சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும், அந்த இடத்தை நிரப்ப ஒன்றும் இருக்காது. குழம்புக்குள்ளேயே மிதந்தாலும் கறி காய்ந்து போவது இதனால்தான். வெள்ளைச் சவ்வு இன்னொரு ரகம். அதில் எலாஸ்டின் என்ற இழுபடும் புரதமும் இருக்கிறது. எட்டு மணி நேரம் அல்ல, நாள் முழுக்க வைத்தாலும் இளகாது. கத்தியால் உரித்தெடுப்பது ஒன்றுதான் வழி. வலைக்குள் இருந்தால் எப்படி உரிப்பது?

நானும் ஒரு தப்பான நம்பிக்கையில் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘லோ’ என்றால் சூடு குறைவாகவே நிற்கும், தொடைக்கறிகூட உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் ‘லோ’வும் ‘ஹை’யும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ ஒரே சூட்டுக்குத்தான் வந்து சேரும். போய்ச் சேரும் நேரம்தான் வேறு. ஆகவே தொடையும் முதுகுக்கறியும் அதில் தப்பவே முடியாது.

சரி, படங்களோடு மறுபடி எழுதினேன். ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் தராசையும் வைத்து. “மான் இறைச்சி என்றால் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்” என்று பதில். இதைப் படித்துத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நல்ல சப்பையை வாங்கி ஒழுங்காகச் சமைத்தால் கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். அதே உருளையில் இருந்த ஒரு துண்டே சாட்சி. சப்பை என்று எழுதிவிட்டுத் தொடையையும் கழிவையும் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். நாலு நாள் சத்தமே இல்லை. அப்புறம், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சலுகைச் சீட்டு அனுப்பினார்கள். அடுத்த முறையாம்!

வலை போட்டு விற்பதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. எலும்பு நீக்கிய சப்பை கலைந்து கிடக்கும், கட்டினால்தான் ஒரே சீராக வேகும். ஆனால் நீங்களே அவிழ்த்து, சவ்வையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, சமையல் நூலால் திரும்பக் கட்டலாம், ஐந்து நிமிட வேலை. உறைந்த உருளையை வாங்குவதானால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். இழைகள் ஆளுக்கொரு திசையில் ஓடினால், ஒன்று அடர்சிவப்பும் ஒன்று பழுப்புமாக இருந்தால், யோசியுங்கள். பைக்குள் பனிக்கட்டிகள் உதிரியாக ஆடினால் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கலாம். முடிந்தால் எலும்போடு உள்ள சப்பையாகவே கேளுங்கள். தோள் எலும்பு தட்டையாக இருக்கும், அதில் தொடையைக் காட்டி ஏமாற்ற முடியாது.

மூன்றாவது பையை வீணாக்கவில்லை. சப்பைத் துண்டை மட்டும் அதே சாறு, அதே எட்டு மணி நேரம் ‘லோ’வில் வைத்தேன், தொட்டவுடன் பிரிந்தது. தொடையை இழைக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, நன்றாகக் காய்ந்த வாணலியில் சில நிமிடம் வதக்கினேன். அதுவும் நன்றாகவே இருந்தது. குற்றம் என் குக்கர்மேல் இல்லை.

போன வாரம் அந்தப் பையை மறுபடி பார்த்தேன். இப்போதும் ‘வலையோடு சமைக்கவும்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள்.